அக்கா பேரில் எடுத்த ரத்தம்

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி டாக்டரம்மா சொன்னதும், குத்தூசியக்கா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கல்லும்மா?" என்பதுதான்.

"நாலஞ்சு தெரியுது. எண்ணி என்ன பண்ணப்போறீங்க? பையோட சேர்த்து எடுத்துடப்போறோம்."

"பையையே எடுத்துட்டா பித்தத்தை எங்கம்மா வைக்கிறது?"

"அது வேற வழி பார்த்துக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? இருபத்தாறு வருஷமாக அடுத்தவன் மூட்டையில் கல் இருக்கிறது, கல் இருக்கிறது என்று சொல்லியே விலையை இறக்கிய மகராசி அக்கா.

"எவனோ ஒரு அரிசிக்காரன் வயிறெரிஞ்சு, உன் வயித்துல கல்லு விழன்னு சொல்லியிருக்கான். பலிச்சிருச்சு."

"ஒருத்தனா? தெருவே சொல்லியிருக்கும். அதான் நாலஞ்சு," என்றாள் அக்கா. வலது விலாவுக்குக் கீழே ஒரு கையை அழுத்திப் பிடித்தபடிதான் அந்தச் சிரிப்பும்.

தானிய மண்டித் தெருவில் அவள் தரகு பார்ப்பவள். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்பது வேலை. கையில் ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே குழிவாக, முனை கூராக இருக்கும் இரும்புக் குத்தூசி. அதை மூட்டைக்குள் செருகி இழுத்தால் குழியில் ஒரு பிடி தானியம் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாத் தரகர்களும் மூட்டையின் தோளில் குத்துவார்கள். அவள் அடிவயிற்றில் குத்துவாள். மேலே நல்லதைப் பரப்பி அடியில் போன வருஷத்துச் சரக்கை ஒளித்திருக்கிறவனுக்கு அந்த நேரம் முகம் போகிற போக்கைப் பார்க்கவே எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். குத்தூசி என்று பேர் வந்தது இரும்பாலா நாக்காலா என்று தெருவில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மண்டிக்கு மேல் மாடியில் இரண்டு அறை வீடு. அக்காவின் புருஷன் வெகு நாளைக்கு முன் ஒரு சரக்கு லாரியில் ஏறிப் போனவர். லாரி திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தங்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அவளுக்குக் கல்யாணமும் பண்ணிவைத்தாள். மாப்பிள்ளையும் லாரிக்காரர்தான். "ஒரு லாரி கொண்டுபோனதை இன்னொரு லாரி கொண்டுவந்து கொடுக்கட்டும்" என்று அக்கா சொன்ன நியாயத்துக்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருப்பார். ஒன்பது வயதில் ஒரு மகள். தங்கைக்கு மண்டியில் தானியம் சலிக்கிற வேலை. அக்காவுக்கு எட்டு வயது இளையவள், அரை மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவாள். தும்மி யாரும் பார்த்ததில்லை.

அந்த மாதம் முழுக்க ஓயாத தூறல். கோணிப்பைகள் ஈரம் குடித்துப் பூசண வாடை அடித்தன. கோதுமையைக் கையில் அள்ளினால் சலசலக்காமல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரச் சரக்குக்கு விலை சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. சும்மா கிடக்கிற நேரத்தில் ஆபரேஷனை முடித்துக்கொள்வது நல்லது என்று அக்கா கணக்குப் போட்டாள்.

"அதுக்கு முன்னாடி ரத்தம் கொடுக்கணும்," என்றாள் டாக்டரம்மா. "சர்க்கரை, ரத்த வகை, அப்புறம் வைரஸ் கிருமி ஏதாவது இருக்கான்னு மூணு டெஸ்ட். ஆபரேஷனுக்கு வர்ற எல்லாருக்கும் பார்க்கறதுதான்."

வைரஸ் என்றதும் அக்காவின் கணக்கு இடறியது.

மண்டித் தெரு முனையில் டீக்கடை வைத்திருப்பவள் போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போனவள். ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று மூன்று தடவை தள்ளிப்போட்டார்களாம், ஃபைலில் மஞ்சள் சீட்டு ஒட்டினார்களாம். அவள் சொன்னது பாதி, தெரு சேர்த்தது மீதி. கடைசியில் அவள் கடை டம்ளரையே ஒரு மாதம் யாரும் தொடவில்லை. அக்காவுக்கோ இருபது வயதில் காமாலை கண்டிருக்கிறது. கண் இரண்டும் பருப்பு நிறத்தில், ஒரு மாதம் படுக்கை. தன் ரத்தம் பழைய சரக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. குத்தினால் வெளியே வந்துவிடும். அவள் கை பட்ட தானியத்தை அப்புறம் எவன் வாங்குவான்?

அடுத்தவர்களிடம் இருபத்தாறு வருஷமாக அவள் பிடித்த தில்லுமுல்லு ஒன்று உண்டு. சாம்பிள் கேட்டு ஆள் வந்தால், நல்ல மூட்டையை முன்னால் இழுத்துப் போடுவது. விற்கிறவன் நிலையில் தான் நிற்கும்போதுதான் அது எவ்வளவு இயல்பாக வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஊசின்னா எனக்கு ஆகாதுடி," என்றாள் தங்கையிடம், பதினான்காம் எண் அறை வாசலில் டோக்கனோடு நிற்கும்போது.

"யாரு, நீயா? ஊரையே குத்தறவ."

"குத்தறவளுக்குத்தாண்டி தெரியும், குத்து எப்படி இருக்கும்னு. எனக்கு இப்பவே மயக்கமா வருது. என் பேரைக் கூப்பிட்டா நீ போய் உட்காரு."

"விளையாடறியா? உனக்குப் பதிலா நான் கொடுத்தா சரியா வருமா?"

"ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே ரத்தம்தானே? வேணும்னா எட்டு வருஷம் புதுசு உன்னுது. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஜென்மத்தில் அக்கா எதற்கும் பயந்து அவள் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்த சந்தோஷத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் எடுக்கிற லேப்காரர் நாற்பது வயதுக்காரர். கண்ணாடி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது. முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேரைப் படித்தார், ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கினார், நடுவிரலால் நரம்பைத் தட்டினார். மூன்று குழாய். ஒவ்வொன்றிலும் அக்காவின் பேர் எழுதிய ஒட்டுத்தாள்.

"அருமையான நரம்பு. கயிறு மாதிரி," என்றார் குழாயைப் பார்த்துக்கொண்டே.

வாசலில் நின்ற அக்காவுக்கு, தன் சரக்கைப் பாராட்டியது போல் ஒரு பெருமை.

நான்காம் நாள் முடிவு வாங்க அக்கா தனியாகத்தான் போனாள். ஒரு லாரிக் கோதுமை நனைந்து வந்து, தங்கை அதைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினால் விலை இறங்கப்போகிறது என்று அர்த்தம். அக்காவுக்கு அது எல்லாக் கடையிலும் தெரிந்த விஷயம்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. உங்க ரத்தத்துல கல்லீரலைத் தாக்குற ஒரு வைரஸ், சி வகைன்னு சொல்வாங்க, அது உள்ளே வந்ததுக்கான அடையாளம் இருக்கு. இப்பவும் உயிரோட இருக்கான்னு பார்க்க இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும். இருந்தாலும் மூணு மாசம் மாத்திரை. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்குச் சுத்தமாப் போயிடுது. மாத்திரை இங்கயே இலவசம்."

அக்கா விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினாள்.

"ஆபரேஷனை நினைக்கிறீங்களா? அதுக்குத் தடையே இல்லை."

"தள்ளித் தள்ளிப் போடுவாங்க, மஞ்சள் சீட்டு ஒட்டுவாங்கன்னு..."

"யார் சொன்னது?"

"டீக்கடையில."

"டீக்கடையில ஆபரேஷன் பண்றாங்களா?" என்று சிரித்தாள் டாக்டரம்மா. "எல்லாருக்கும் ஒரே மாதிரி ஜாக்கிரதையாத்தான் பண்றோம். ஆனா இதைக் கண்டுக்காம விட்டா, இருபது முப்பது வருஷத்துல கல்லீரல் சுருங்கிடும். வெளியில ஒண்ணும் தெரியாது. ஆள் குதிரை மாதிரி இருப்பாங்க, ஒரு நாள் வயிறு வீங்கி வருவாங்க. இப்பத் தெரிஞ்சது உங்க அதிர்ஷ்டம். ரத்தத்துல மட்டும்தான் பரவும். தட்டு, டம்ளர், தொடறது, இதுல எல்லாம் வராது. வீட்டுல இருக்கறவங்களும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கட்டும்."

ஆள் குதிரை மாதிரி இருப்பாங்க என்பதற்கு அப்புறம் சொன்னதெல்லாம் அக்காவின் காதில் பாதிதான் ஏறியது. இடுப்பில் அரை மூட்டையோடு படியேறுகிற ஒருத்தி மட்டும் கண் முன்னால் ஏறிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மண்டிக்கு நடக்கிற தூரம்தான். குடையை விரிக்கவே மறந்துபோனாள். நல்ல மூட்டை என்று இழுத்துப் போட்டதில்தான் புழு இருந்திருக்கிறது. அதுவும் தன் பேர் எழுதிய சீட்டோடு வந்திருக்கிறது. சொன்னால், "உன் ரத்தத்தை ஏன் கொடுக்கலை?" என்று கேட்பாள். ஊசிக்குப் பயம் என்று ஒரு தடவை விற்ற பொய்யை இரண்டாம் தடவை விற்க முடியாது. "என் ரத்தம் கெட்டதுன்னு நினைச்சேன், உன்னுதைக் காட்டினேன்" என்று சொல்ல வேண்டும். தங்கையிடமா? அம்மா போனபிறகு தலைவாரிவிட்டு வளர்த்த பிள்ளையிடமா?

"என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள் தங்கை, தரையில் குந்தியபடி கோதுமையைக் கிளறிக்கொண்டே.

"எல்லாம் சரியா இருக்காம். இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணுமாம்."

"சரியா இருந்தா இன்னொரு தடவை எதுக்கு?"

"அவங்ககிட்ட ரத்தம் தீர்ந்துபோச்சு போல."

"நான் வரணுமா?"

"வேணாம், வேணாம். பயம் தெளிஞ்சிருச்சு."

அன்று சாயங்காலம் டீ போட்டபோது, யாரும் சொல்லாமல் அவள் கை தானாக ஒரு காரியம் செய்தது. தங்கையின் டம்ளரை மற்ற டம்ளர்களோடு கவிழ்க்காமல், அலமாரியின் ஓரத்தில் தனியாக வைத்தது. டம்ளரில் வராது என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் கை வைத்தது.

"என் டம்ளர் ஏன் அங்க இருக்கு?"

"அடியில ஒழுகுது."

தங்கை அதில் தண்ணீர் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒழுகவில்லை. குடித்துவிட்டு, திரும்ப ஓரத்திலேயே வைத்தாள்.

இரண்டு நாளில் அக்கா ஒரு யோசனைக்கு வந்துவிட்டாள். யோசனை இல்லாமல் அவளால் இருக்க முடியாது. தன் பேரில் மாத்திரை இலவசமாக வரும். அதை வாங்கிவந்து, சத்து மாத்திரை, சலிக்கிற தூசிக்கு நல்லது என்று சொல்லித் தங்கைக்குக் கொடுத்துவிடுவது. மூன்று மாதம். அவளுக்கு வியாதி போகும், அக்காவுக்கு மானம் போகாது. இரண்டாம் தடவை ரத்தம்? அதைத் தானே கொடுத்துவிடலாம். காமாலை கண்ட உடம்பு. கிருமிக்கு என்ன பஞ்சம்? எந்தக் கையில் எடுத்தாலும் முடிவு ஒன்றுதான். தனக்கும் மாத்திரை வேண்டுமே என்ற சங்கடத்துக்கும் வழி வைத்திருந்தாள்: முதலில் தங்கைக்கு ஆகட்டும், அப்புறம் குணமாகவில்லை என்று சொல்லி இன்னொரு சுற்று கேட்டு வாங்கிக்கொள்வது. இப்படி எல்லா மூலையும் மடிந்து வருகிற யோசனை கிடைத்தால் அவளுக்குப் பசி எடுக்கும். அன்று கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தாள்.

மறுநாள் பதினான்காம் எண் அறையில் கூட்டம் இல்லை. சுழல்கிற இயந்திரம் ஒன்று மூலையில் வண்டு மாதிரி ரீங்கரித்தது. லேப்காரர் பேரைப் படித்து, பட்டையை இறுக்கி, நடுவிரலால் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். கையைத் திருப்பிப் பார்த்தார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார்.

"இறுக்கி மடக்குங்கம்மா."

நரம்பு கிடைக்க இரண்டு குத்து ஆனது. குழாய் நிறைந்ததும் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, ஒட்டுத்தாளை ஒட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு விஷயம் கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க தம்பி."

"போன வாரம் இந்தக் கை இல்லையே."

அக்கா சிரித்துப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு நூறு பேர் வர்ற இடம். முகமா ஞாபகம் இருக்கு உங்களுக்கு?"

"முகம் எனக்கு ஞாபகமே இருக்காதும்மா. மாமனாரையே தெருவுல பார்த்துட்டுப் பேசாம போயிருக்கேன். ஆனா நரம்பு மறக்காது. போன வாரம் உங்க பேருல வந்தது கயிறு மாதிரி, மேலேயே ஓடிச்சு. உங்களுது ஆழத்துல ஒளிஞ்சிருக்கு. ஒரு வாரத்துல நரம்பு வீடு மாத்திக்காது."

"வயசாச்சு, உள்ளே போயிருக்கும்."

"சரி," என்றார் அவர். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். அலமாரியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதன் குழியில் விட்டார். மேலே இன்னொரு திரவம் இரண்டு சொட்டு. "உட்காருங்க. இருபது நிமிஷம். ஒரு கோடு வந்தா இல்லை, ரெண்டு கோடு வந்தா இருக்கு. போன வாரம் ரெண்டு கோடு. கிருமி ஒரு தடவை வந்திருந்தா, அது போனாலும் இந்த அட்டையில அடையாளம் அழியாது."

உட்கார்ந்தாள். சும்மா இருக்க வாய் ஒப்பவில்லை.

"ஒரு சொட்டுல உடம்பு மொத்தத்தையும் எப்படித் தம்பி சொல்வீங்க? நான் மூட்டையில மூணு இடத்துல குத்தாம விலை சொல்ல மாட்டேன்."

"மூட்டைக்கு மேல்ன்னும் அடின்னும் இருக்கு. ரத்தம் சுத்திக்கிட்டே இருக்கும்மா. எங்க குத்தினாலும் ஒரே சரக்குதான். ஆள் மட்டும் மாறக்கூடாது."

இருபது நிமிஷம் கழித்து அட்டையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரே ஒரு கோடு.

அக்கா அதைக் கையில் எடுத்து, சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரிசியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டாவது கோடு எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

"எனக்குக் காமாலை வந்ததே."

"தண்ணியில வர்ற காமாலையா இருக்கும். அது வந்து போயிடும். இது அது இல்லை. உங்க ரத்தம் சுத்தமா இருக்கு." அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கினார். இறக்கியதுதான் கோபம் என்று அவளுக்குப் புரிந்தது. "ரத்த வகையும் அன்னைக்கு அந்தக் குழாயிலதான் பார்த்திருக்கோம். உங்க ஃபைல்ல இருக்கறது அவங்க வகை. ஆபரேஷன்ல ரத்தம் தேவைப்பட்டா மறுபடி பொருத்திப் பார்ப்போம், அதுல பெரும்பாலும் மாட்டியிருக்கும். மாட்டலைன்னா? நேரமே இல்லாத அவசரமா இருந்திருந்தா? அதை விடுங்க. உங்க பேர் எழுதின வியாதி ஒண்ணு வேற யார் உடம்புலயோ நடமாடிட்டு இருக்கு. அவங்களுக்கே தெரியாது. யாரும்மா அது?"

"தங்கச்சி." முழங்கையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "மாத்திரையை நான் வாங்கி அவளுக்குக் கொடுத்துடலாம்னு இருந்தேன்," என்றாள்.

"அவங்க கல்லீரல் எப்படி இருக்கு, வேற என்ன மருந்து சாப்பிடறாங்க, ஒண்ணும் தெரியாம? அவங்களுக்குச் சின்ன வயசுல சுத்தமில்லாத ஊசி ஏதாவது போட்டாங்களா?"

அப்போதுதான் அக்காவுக்கு அந்த ஊசிக்காரர் ஞாபகம் வந்தார். காமாலையில் அவள் கிடந்தபோது தெருத்தெருவாக வந்து ஊசி போட்டவர். சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்த ஒரே ஊசி, தெரு முழுக்க. சின்னவளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டது அக்காதான். எதற்கு அந்த ஊசி என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

"அதுவா இருக்கலாம், இல்லாமலும் போகலாம்," என்றார் அவர். "நான் டாக்டரம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும், ஃபைலைத் திருத்தணும். அதுக்கு முன்னாடி உங்க தங்கச்சிக்கு உங்க வாயால தெரியட்டும். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க."

மத்தியானம் தூறல் விட்டிருந்தது. மண்டியில் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தங்கை சல்லடையைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அடியில் குருணையும் தூசியும் விழுந்து குவிந்தன. அக்கா எதிரே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"ஆட்டறதை நிறுத்து. ஒண்ணு சொல்லணும்."

"காது கேட்குது. சொல்லு."

"நிறுத்துடி."

நிறுத்தினாள். அக்கா சொன்னாள். ஊசிக்குப் பயமில்லை என்பதில் ஆரம்பித்து, டீக்கடைக்காரி, காமாலை, கயிறு மாதிரி நரம்பு, கதவைச் சாத்தியது, சத்து மாத்திரை யோசனை, ஒற்றைக் கோடு, ஊசிக்காரர் வரைக்கும் ஒன்றையும் பாக்கி வைக்காமல் சொன்னாள். வாழ்க்கையில் அவள் எந்தச் சரக்கின் குறையையும் இப்படி அடிவரைக்கும் கொட்டிக் காட்டியதில்லை.

தங்கை சல்லடையின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றாள். "செத்துடுவேனா?"

"மூணு மாசம் மாத்திரை. போயிடும்னு சொல்றாங்க."

"பாப்பாவுக்கு?"

"அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை பார்க்கணும். ரத்தத்துலதான் பரவுமாம், அநேகமா இருக்காது."

"ம்." தங்கை சல்லடையை ஒரு ஆட்டு ஆட்டி நிறுத்தினாள். "அப்போ டம்ளர் ஒழுகலை."

அக்கா உட்கார்ந்திருந்த மூட்டையின் தையல் நூலைப் பிடித்து இழுத்தாள்.

"ரத்தத்தை எடுத்துக்கிட்டே, சரி. கேட்டிருந்தா காரணம் தெரிஞ்சே கொடுத்திருப்பேன். உன்னுது கெட்டது, என்னுது நல்லதுன்னு நினைச்சே, அதுகூட ஒருவிதத்துல பெருமைதான். ஆனா டம்ளர்ல வராதுன்னு டாக்டர் சொன்ன அப்புறமும் எடுத்துத் தனியா வெச்சே பாரு. மூணு நாளா நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். பாப்பா ஏதாவது உன்னை எதிர்த்துப் பேசிட்டாளோ, நான் ஏதாவது சொல்லிட்டேனோ, எங்களை வேற வீடு பார்த்துக்கோன்னு சொல்லப் போறியோன்னு."

"அப்படியெல்லாம் இல்லடி."

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் வாயைத் திறக்காம டம்ளரை நகர்த்தறியே."

தங்கை மிச்சக் கோதுமையைச் சலித்து முடித்தாள். மாடியேறிப் போய்ப் புருஷனுக்குப் போன் செய்தாள், கதவு சாத்தியிருந்தது. அக்கா கீழேயே உட்கார்ந்து, விலை கேட்டு வந்த இரண்டு பேருக்கு அவர்கள் சொன்ன விலைக்கே தலையாட்டினாள். வந்தவர்கள் சந்தேகப்பட்டு வாங்காமலே போனார்கள்.

காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஒரே குடையில் நடந்தார்கள். குடை தங்கை கையில். பதினான்காம் எண் அறை இன்னும் திறக்கவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தரை துடைத்த மருந்து வாடை. எதிர்ச்சுவரில் நெஞ்சு, குடல், கல்லீரல் எல்லாம் வர்ணம் பூசி ஒரு படம். தங்கை அந்தக் கல்லீரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெருசா இருக்குமா அது?" என்றாள் ஒருவழியாக.

"உன்னுது இன்னும் பெருசா இருக்கும். சாப்பிடறது அப்படி."

தங்கைக்குச் சிரிப்பு வரப்பார்த்து, நின்றது. "அவர்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"லாரியை ஓரங்கட்டிட்டு மறுபடி கூப்பிட்டார். அப்புறம், வெள்ளிக்கிழமை வந்ததும் நானும் கையை நீட்டறேன்னார். அப்புறம் உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னார்."

"திட்டினாரா?"

"இல்லை. உங்க அக்கா மட்டும் நேர்மையா இருந்திருந்தா, உனக்கு இது இருக்கறது இப்போ தெரிஞ்சிருக்காது, வயிறு வீங்கினப்புறம்தான் தெரிஞ்சிருக்கும்னார். யோசிச்சுப் பார்த்தா நிஜம்தானே? நானா எந்த ஜென்மத்துல வந்து ரத்தம் கொடுத்திருப்பேன்? நீ பண்ணின தில்லுமுல்லாலதான் தெரிஞ்சுது. அதனால போகட்டும்க்கா. அதுக்கு இது சரியாப் போச்சு. விடு."

அக்கா படத்தைப் பார்த்தாள். அவள் எதிரே ஒருவர் தாமாக விலையை இறக்கிக்கொண்டு நிற்பது எப்போதாவதுதான் நடக்கும். நடந்தால் மறுபேச்சுப் பேசாமல் முடித்துவிடுவாள். இது நல்ல பேரம். சொல்லப்போனால் நியாயமான பேரமும்கூட. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று நாளும் டம்ளரும் எல்லாம் அதில் கரைந்துபோகும்.

"வேணாம்," என்றாள்.

"என்ன வேணாம்?"

"சரியாப் போச்சுன்னு சொல்லாதே. நல்லது நடந்தது அதுவா நடந்தது. அதுக்காக நான் பண்ணலை. உன்னைக் காப்பாத்தவா உட்கார வெச்சேன்? என்னைக் காப்பாத்திக்க உட்கார வெச்சேன். அந்த நல்லதுல இந்தத் தப்பைக் கழிக்காதே."

தங்கை திரும்பிப் பார்த்தாள். கொடுத்த தள்ளுபடியை அக்கா வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. முகத்தில் ஏதாவது விளையாட்டு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கண் ஓரம் மட்டும் சிவந்திருந்தது.

"அப்போ கோபமாவே இருக்கட்டுமா?"

"இரு. எவ்வளவு நாளானாலும் இரு."

"சரி," என்றாள் தங்கை. "கோபமா இருக்கேன்."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. லேப்காரர் கழுத்தில் கண்ணாடி ஆட, வாசலில் வந்து நின்று இருவர் முகத்தையும் பார்த்தார். எதுவும் பிடிபடாதவர் போல, "ரத்தம் கொடுக்கறது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்," என்று தங்கை எழுந்தாள். தன் பேரைச் சொன்னாள். எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லி அவர் நீட்டிய ஒட்டுத்தாளை ஒரு தடவை படித்துவிட்டு, பெஞ்சில் இருந்த அக்காவிடம் கொடுத்தாள்.

"நீயும் படிச்சுப் பாரு," என்றாள். "சரியா இருக்கா?"

அக்கா எழுத்துக் கூட்டி, நிதானமாக, இரண்டு தடவை படித்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.